பெயின்ட் தேவைப்படாத வண்டி

அக்டோபர் 6, ஞாயிறு

மருந்து கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி. ஒன்பது மாதம் மேசை டிராயரில் சும்மா கிடந்தது. இன்று கையில் எடுக்கக் காரணம் இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் எனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கப் போகிறேன். சாதாரண சைக்கிள் இல்லை. பல் டாக்டர் கோகிலவாணி வாங்கியிருக்கிறாள் என்றால் கோயமுத்தூர் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும், அப்படி ஒன்று. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஓ" என்றார். அதற்கு இந்தத் தாளே தேவலை.

போன மார்ச்சில் கோத்தகிரி ஏறப் போய்ப் பாதியில் உட்கார்ந்தவள் நான். மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, வளைவு வளைவாக ஏறி, ஒரு வளைவில் இரண்டு கையும் மரத்துப்போய், கால் உதறலெடுத்து, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். போன் செய்ததும் இவர் பட்டறையில் காஸ்டிங் ஏற்றுகிற குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டார். கயிறு கட்டினார். கணபதிக்கு வந்து வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"இது தேவையா வாணி?"

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டுத் தொலைத்தார். ஏழு மாதமாக அது காதிலேயே நிற்கிறது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் வரும் மார்ச் 16 அன்று மறுபடியும் கோத்தகிரி போகிறது. இந்த முறை நான் மேலே போய் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சைக்கிள் அதற்குத்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்

சைக்கிள் பிரேம் கார்பனா, டைட்டானியமா? எங்கள் கூட்டத்து மெர்சி கார்பன் கட்சி. சைக்கிள் கடைக்கார ஜாபர் இரண்டு கட்சியிலும் இருக்கிறார். மூன்று ரூட் கனால். பூண்டு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பட்டறையில் காலையிலிருந்தே சந்தன வாசம். இவர் முப்பது வருடமாகப் பம்ப்செட்டுக்கு வார்ப்பு ஊற்றுகிறவர். இவருக்கு இரும்பு ஒன்றுதான் உலோகம், மற்றதெல்லாம் பேப்பர். லேத்துக்குப் பொட்டு, டிரில்லுக்குப் பொட்டு, குட்டியானையின் நெற்றிக்குப் பட்டையாகத் திருநீறு. கதவில் 'உரிமையாளர்: நா. வெள்ளிங்கிரி, கணபதி' என்று பெயின்டர் எழுதிய எழுத்துக்குக்கூடச் சந்தனம் தொட்டு வைத்தார். தன் பேருக்குத் தானே பொட்டு வைத்துக்கொள்ளும் ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்றேன். "அது எங்கப்பன் எழுத்து, நா-வுக்கு வெச்சேன்" என்றார். மாமனார் பெயர் நாச்சிமுத்து.

வீட்டுக்கு வந்து பார்த்தால் போர்ட்டிகோவில் நிற்கும் என் பழைய அலுமினிய சைக்கிளின் ஹேண்டில்பாரிலும் ஒரு பொட்டு. பொரி கொடுக்க வந்த பட்டறை ஆள் யாராவது வைத்திருப்பான்.

அக்டோபர் 19, சனி

இன்று ஜாபர் கடைக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்பார் என்று நினைத்தேன். சட்டை மாற்றிக்கொண்டு முதலில் வண்டியில் ஏறி உட்கார்ந்தது அவர்தான்.

ஜாபர் ஒரு கார்பன் பிரேமைக் கையில் கொடுத்தார். நான் ஒற்றை விரலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். காய்கறிப் பை அளவுகூடக் கனமில்லை. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் வாங்கி, காதருகே வைத்து, விரல் முட்டியால் தட்டினார். வார்ப்பில் கீறல் இருந்தால் தட்டும்போதே தெரியும் என்பது இவர் பிழைப்பு. கடையில் தேங்காய், பூசணி, புது டம்ளர் எதையும் தட்டாமல் வாங்கமாட்டார். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுத் தூணைத் தட்டிப் பார்த்தவர்.

டொக், டொக்.

"என்னுங் ஜாபர், பப்பாளியத் தட்டுனாப்பல இருக்குது?"

"கார்பன் அப்படித்தான் சார் சவுண்டு கொடுக்கும். பிளேன்ல எல்லாம் இதான் சார் போடறாங்க."

"கீறல் விட்டா எப்பிடித் தெரியும்?"

"காசு வச்சுத் தட்டிப் பாப்பாங்க. இல்லாட்டி ஸ்கேன் எடுக்கணும். கல்லுல ஓங்கி அடிச்சாத்தான் சார் போகும், சும்மா ஓட்டுனா ஒண்ணும் ஆவாது."

"போறப்ப சொல்லிப்போட்டுப் போகுமா, சொல்லாமப் போகுமா?"

ஜாபர் என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்து டைட்டானியம். பெயின்டே இல்லாமல், மங்கிய வெள்ளி நிறத்தில், தன் பாட்டுக்கு நின்றது. துருப்பிடிக்காது, பெயின்ட் தேவையில்லை, அளவு கொடுத்தால் நம் உடம்புக்கென்றே செய்து அனுப்புவார்கள் என்றார் ஜாபர். கார்பனைவிட அரைக் கிலோ கூட. இவர் தட்டினார். ணங் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் நின்று அடங்கியது. கண்ணை மூடிக் கேட்டார்.

திரும்பி வரும்போது, "எனக்குக் கார்பன்தான் புடிச்சிருக்கு" என்றேன்.

"ஓ" என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

மெர்சியின் கார்பனை ஒரு மணி நேரம் வாங்கி ஓட்டினேன். மெர்சி வங்கியில் வேலை பார்க்கிறாள், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், எங்கள் கூட்டத்தில் என்னைத் தவிர இருக்கிற ஒரே பெண். மருதமலை அடிவாரம் வரை போய் வந்தேன். மிதித்தால் மிதித்த அவ்வளவும் ரோட்டுக்குப் போகிறது, நடுவில் யாரும் கமிஷன் எடுப்பதில்லை. முன்னால் போன மொபெட்டைத் தாண்டினேன். தாண்டும்போது ஹோய் என்று கத்தியும்விட்டேன். மொபெட்டில் இருந்தவர் என் பேஷன்ட்.

"வாணிக்கா, மொகத்தப் பாக்கணுமே! பத்து வயசு கொறஞ்சிருச்சு. கார்பன்தான், முடிச்சிருங்க" என்றாள் மெர்சி.

முடித்துவிட்டேன். கார்பன்.

அக்டோபர் 21, திங்கள்

காலையில் ஒரு கடைவாய்ப் பல்லில் கருவியைப் பிடிக்கும்போது வலது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தன. பத்து நிமிடம் பேஷன்ட்டை வாயைக் கொப்பளிக்க வைத்துச் சமாளித்தேன். நேற்று வடவள்ளி ரோட்டின் குழியெல்லாம் அப்படியே கையில் ஏறியிருக்கிறது. இது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று ஜாபர் தன் சொந்த டைட்டானியத்தைக் கொடுத்தார். சீட்டை இறக்கிக்கொண்டு சிறுவாணி ரோட்டில் போனேன். நல்ல ரோடு முடிந்து, குழாய் போடத் தோண்டி மூடாமல் விட்ட ரோடு வந்தது. கார்பனாக இருந்தால் பல்லைக் கடித்திருப்பேன். இது குழியை வாங்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. வேகம் கொஞ்சம் குறைவுதான். மொபெட் எதையும் தாண்டவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன், முதல் தடவையே நுழைந்தது.

டைட்டானியம் எனக்குப் புதிதல்ல. இருபது வருடமாக அதைத் திருகித் திருகி மற்றவர்கள் தாடையில் பல்லுக்கு வேராக ஊன்றுகிறேன். உடம்பில் எதை வைத்தாலும் எலும்பு முறைத்துக்கொண்டு வெளியே தள்ளப் பார்க்கும். டைட்டானியத்தை மட்டும் மூன்று மாதத்தில் சொந்தக்காரனாக்கிக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அதை நம்பித்தான் பேஷன்ட்டுகளிடம், "இனி கரும்பு கடிக்கலாம்" என்கிறேன்.

வழியில் செம்மேட்டருகே நம் பட்டறைக் குட்டியானை நின்றிருந்தது. அந்தப் பக்கம் இவரிடம் வார்ப்பு வாங்கும் ஆள் யார் என்று தெரியவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மகள் யாழினி பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். அம்மாவின் பிரச்சினையைக் கேட்டுவிட்டு, "ரெண்டுல எதும்மா போட்டோல நல்லா இருக்கும்?" என்றாள். இஞ்சினியரிங் படிக்க வைத்தது இதற்குத்தான்.

நவம்பர் 3, ஞாயிறு

கார்பன்.

நவம்பர் 5, செவ்வாய்

டைட்டானியம். மெர்சி போனில் அரை மணி நேரம் திட்டினாள். அரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரி ஏறுவீங்களா என்றாள். என் உடம்பில் அரைக் கிலோ தேட வேண்டுமானால் இடம் நிறைய இருக்கிறது என்றேன்.

நவம்பர் 8, வெள்ளி

இவர் காலையிலேயே குளித்துவிட்டு குலதெய்வக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். பூ கேட்டாராம்.

எங்கள் பக்கத்தில் எதை முடிவு செய்வதானாலும் இது ஒரு வழக்கம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்து, கோயிலுக்கு வந்திருக்கும் யாராவது குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். புது லேத் வாங்கவும் பூ கேட்டார், யாழினிக்குக் காலேஜ் சேர்க்கவும் பூ கேட்டார். நான் என்ன, ஞானப்பல் பிடுங்கலாமா வேண்டாமா என்று பூ கேட்டுவிட்டா பிடுங்குகிறேன்?

"வெள்ளப் பூ வந்துச்சு" என்றார்.

"வெள்ளைன்னா டைட்டானியமாக்கும்?"

அவர் திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டு, இட்லிக்குச் சட்னி இருக்கிறதா என்று கேட்டார்.

நவம்பர் 11, திங்கள்

டைட்டானியத்துக்குச் சொல்லிவிட்டேன். என் கைக்காகத்தான். பூவுக்காகவும் இல்லை, யாரோ ணங் என்று தட்டிக் கண்ணை மூடியதற்காகவும் இல்லை. இது பதிவாக இருக்கட்டும்.

ஜாபர் அளவெடுத்தார். தோளிலிருந்து மணிக்கட்டு, இடுப்பிலிருந்து குதிகால், கை விரித்தால் எவ்வளவு. முகூர்த்த ஜாக்கெட்டுக்குக்கூட இத்தனை அளவு கொடுத்ததில்லை. எல்லாம் எழுதிக்கொண்டு, "பேரு பாஸ்போர்ட்ல இருக்கறாப்பலயே சொல்லுங்க டாக்டரம்மா, வெளிநாட்டுலருந்து வர்ற சாமான், கஸ்டம்ஸ்ல தகராறு ஆகக் கூடாது" என்றார்.

கோகிலவாணி வெள்ளிங்கிரி என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ப. கோகிலவாணி. அப்பா பழனியப்பன் ஓர் எழுத்தாக முன்னால் நின்றார். கல்யாணத்துக்குப் பின் வெ. கோகிலவாணி. அப்பா நின்ற இடத்தில் இவர் வந்து நின்றார். பாஸ்போர்ட் எடுத்தபோது ஓர் எழுத்து போதாது, முழுப் பேர் வேண்டும் என்றார்கள். இவர் முழுசாகவே எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். கிளினிக் போர்டு, பேங்க், ஆதார், எங்கே பார்த்தாலும் இவர். சைக்கிள் ஒன்றுதான் முழுக்க என்னுடையது. பிப்ரவரியில் வருமாம்.

டிசம்பர் 15, ஞாயிறு

மழை. போர்ட்டிகோவில் பழைய சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி நின்ற இடத்திலேயே மிதித்தேன். இவர் பேப்பர் படித்தார். ஒரு மணி நேரமாக ஒரே பக்கம்.

ஜனவரி 15, புதன்

புது டைரி. அதே மருந்து கம்பெனி, அட்டை மட்டும் பச்சை.

மாட்டுப் பொங்கல். குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனோம். இவர் விறகு எடுக்கப் போயிருந்தபோது பூசாரி என்னிடம் வந்தார்.

"அம்மணி, அன்னிக்கு அய்யா பூ கேக்க வந்தாரல்லங், அந்தக் காரியம் நல்லபடியா ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க. டைட்டானியத்துக்கே சொல்லியாச்சு."

"அதென்னமோ எனக்குத் தெரியாதுங். சம்சாரம் மலை ஏறப் போறா, பத்தரமாத் திரும்பி வருவாளான்னுதான் கேட்டாரு. வெள்ளை வந்தா வருவா, செவப்பு வந்தா போக வேண்டாம்னு. மொதத் தடவ செவப்பு வந்துருச்சுங். கொழந்த சரியா எடுக்கல, இன்னொருக்கா எடுக்கட்டும்னாரு. மறுக்காவும் செவப்பு. மூணாந்தடவதான் வெள்ளை வந்துச்சு. அதுக்கப்பறம் ஆத்தாவே சொல்லிப்போட்டா, இனி அவ போகட்டும்னு கும்பிட்டுப் போயிட்டாருங்."

பொங்கல் பொங்கியது. புகை கண்ணில் பட்டு எனக்குத் தண்ணீராகக் கொட்டியது. விறகு ஈரம்.

சிவப்பு வந்ததும் வீட்டுக்கு வந்து, 'ஆத்தா வேண்டாங்கறா' என்று சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன், ஆனால் உள்ளூரக் கொஞ்சம் பயந்திருப்பேன். இவர் அம்மனோடு பேரம் பேசியிருக்கிறார்.

இவர் இலையில் இரண்டு கரண்டி பொங்கல் கூட வைத்தேன்.

பிப்ரவரி 8, சனி

வந்துவிட்டது. வந்த லட்சணத்தை எழுதுகிறேன்.

ஜாபர் அட்டைப் பெட்டியைப் பிரித்தார். நான், மெர்சி, இவர், கடையில் பஞ்சர் ஒட்ட வந்த இரண்டு பேர் என்று ஒரு கூட்டமே நின்றது. உள்ளேயிருந்து விடிகாலை நிறத்தில் ஒரு பிரேம். என் உயரம், என் கை, என் கால். எல்லாரும் ஓ என்றார்கள். ஜாபர் அதைத் திருப்பினார். பார் கம்பியில், நான் குனிந்தால் நேராகக் கண்ணில் படும் இடத்தில், ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்தாகச் செதுக்கியிருந்தது.

வெள்ளிங்கிரி.

முதலில் மெர்சிதான் சிரித்தாள். அடக்க முடியாமல் டயர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அவங்க ஊர்ல கடைசிப் பேர்தான் ஆளோட பேரு டாக்டரம்மா. ஓட்டறவங்க பேரப் போட்டுக் குடுக்கறது அந்தக் கம்பெனியோட மரியாதை" என்று ஜாபர் தலையைச் சொறிந்தார்.

"அழிக்க முடியாதா?"

"கார்பனா இருந்தா ஸ்டிக்கர்தான், உரிச்சிரலாம். மேல பெயின்ட்கூட அடிச்சிரலாம். இது டைட்டானியம். காலத்துக்கும் நிக்கும்னு நான்தான சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பது வருடத்தில் எனக்கென்று ஒன்று வாங்கினேன், அதிலும் இவர் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறார்! இவரைத் திரும்பிப் பார்த்தேன். காது சிவந்து போய், எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"பட்டறைக்குக் கொண்டாந்தீன்னா கிரைண்டர்ல ஒரு நிமிசத்துல தேச்சு எடுத்துப்போடலாம்" என்றார்.

"கம்பி முட்டை ஓட்டுத் தடிமன்தான் இருக்கும்! தேச்சா ஓட்டையாயிரும். உங்க பேரைச் சுமக்கறேன், ஓட்டை வேண்டாம்."

"நான் ஒண்ணும் போடச் சொல்லலயே வாணி."

சொல்லவில்லைதான். அதுதான் இன்னும் கோபம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிளினிக்கிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரி கொண்டுவந்து பேர் மேல் ஒட்டிவிட்டேன். சைக்கிளுக்குப் பல் பிடுங்கிய மாதிரி இருக்கிறது. ஓட்டமோ, அடடா. எழுத வரவில்லை. நாற்பது கிலோமீட்டர் போய்விட்டு வந்து கோபமாக இருக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. பிறகு ஞாபகம் வந்து இருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

இன்று தனியாகப் பூண்டி வரை போனேன். சிவராத்திரி நெருங்குவதால் வெள்ளிங்கிரி மலை ஏறிச் சிவனைக் கும்பிட ஊர் ஊராக ஆட்கள். கையில் மூங்கில் கம்பு, தோளில் பை. அடிவாரத்து டீக்கடையில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு டீ சொன்னேன். வேர்வையில் ஊறிய பிளாஸ்திரி எந்த நேரத்தில் கழன்றதோ தெரியாது. தாராபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழுவில் கண்ணாடி போட்ட ஒருவர் சைக்கிள் அருகே நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"வெள்... ளிங்... கிரி! ஏனுங் அம்மணி, ஆண்டவன் பேரையே போட்டு வெச்சிருக்கீங்களா?"

என் வீட்டுக்காரர் பேர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் வரிசையாக வந்து ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் பையிலிருந்து திருநீறு எடுத்து எழுத்தின் மேல் பட்டையாகப் பூசினார். "வெள்ளி மலைன்னுதான அர்த்தம், வண்டியும் அதே நெறத்துலயே அமைஞ்சிருக்கு பாருங்" என்றார் இன்னொருவர். டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஏனுங்க, இன்னிக்குப் பன்னெண்டு பேரு உங்களைத் தொட்டுக் கும்பிட்டாங்க. திருநீறு பூசிவிட்டாங்க. ஒருத்தர் வேண்டுதல்கூட வெச்சாரு" என்றேன்.

இவர் நான் சொல்லி முடிக்கும் வரை முறைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். சோபாவே குலுங்கியது. "என்ன வேண்டுனாப்ல?" என்றார். பையனுக்கு வேலை என்றேன். "பட்டறைக்கு வரச் சொல்லு" என்றார்.

பிளாஸ்திரியை மறுபடி ஒட்டவில்லை. சாமி பேர் மேல் ஒட்டக் கூடாது.

மார்ச் 10, திங்கள்

மார்ச் 16 நெருங்குகிறது. இந்த முறையும் பாதியில் உட்கார்ந்தால் அந்தக் கேள்வியை இவர் கேட்கவே வேண்டாம், நானே என்னைக் கேட்டுக்கொள்வேன்.

குட்டியானை எஃப்.சி.க்கு, அதாவது ஓடத் தகுதியான வண்டி என்ற சான்றிதழுக்கு, போயிருக்கிறது. வருடா வருடம் போல ஆர்.டி.ஓ. பார்ப்பதற்கு முன்னால் புதுப் பெயின்ட், புது எழுத்து. "அப்ப ஞாயித்துக்கிழம நீங்க பின்னால வர முடியாதாக்கும்?" என்று சும்மா கேட்டுவைத்தேன். "நான் எப்ப உம் பின்னால வந்தேன்?" என்றார். ஆமாம், எப்போது வந்தார்?

மார்ச் 16, ஞாயிறு

ஏறிவிட்டேன். கை மரக்கவில்லை. கால் இருக்கிறதா என்று தெரியவில்லை. நாளை எழுதுகிறேன்.

மார்ச் 17, திங்கள்

கிளினிக்குக்கு லீவு. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. ஆகையால் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையம் பாக்குத் தோப்பு வரை எல்லாரும் பேசிக்கொண்டே போனோம். ஏற்றம் தொடங்கியதும் பேச்சு நின்றது. மெர்சியின் கார்பன் இரண்டு வளைவுக்குள் கண்ணுக்கு மறைந்தது. நான் என் பாட்டுக்கு மிதித்தேன். பின்னால் வந்து தாண்டிப் போகிற சைக்கிள்காரர்கள் பலர் வெளியூர்க் கூட்டத்தார், என்னைத் தெரியாது. கம்பியில் இருப்பதை வாசித்துவிட்டு, "கமான் வெள்ளிங்கிரி!" என்று கத்திவிட்டுப் போனார்கள். பஸ் ஜன்னலில் இருந்தவர்கள் அதைக் கேட்டுத் தாங்களும் கத்தினார்கள். ஒரு வளைவில் பஸ்ஸுக்கு நின்ற எஸ்டேட் பெண்கள் கை தட்டி, "வெள்ளிங்கிரி, வெள்ளிங்கிரி" என்று பாட்டாகவே பாடிவிட்டார்கள். மலை முழுக்க இவர் பேர்தான்.

பிறகு அந்த இடம் வந்தது. போன வருடம் நான் உட்கார்ந்த கல். கல் அப்படியே இருந்தது, கொஞ்சமும் வெட்கமில்லாமல். கால் உதறத் தொடங்கியது. கை நன்றாக இருந்தது, ஆனால் கையால் மிதிக்க முடியாதே. மூச்சு வாங்க முடியவில்லை. நின்றுவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று மனசு சொன்னது. ஒரு காலை பெடலிலிருந்து எடுத்தும்விட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் அடுத்த வளைவில் குட்டியானை. புதுப் பச்சைப் பெயின்ட் வெயிலில் மின்ன, கதவு என் பக்கமாக நின்றது. இவர் பக்கத்தில் நின்று, ரோட்டைப் பார்க்காத மாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவில் எழுதியிருந்தது: 'உரிமையாளர்: கோ. வெள்ளிங்கிரி, கணபதி.'

பெயின்டர் தப்பு செய்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். நா-வுக்குப் பதில் கோ போட்டுவிட்டான், ஆர்.டி.ஓ. திருப்பி அனுப்பப் போகிறார் என்று கவலைகூடப் பட்டேன். இரண்டு மிதி மிதித்த பிறகுதான் உறைத்தது.

கோ.

முப்பது வருடமாக நான் இவர் எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு நடக்கிறேன். இந்த மனிதர் தன் அப்பாவை இறக்கிவிட்டு என்னைத் தூக்கி முன்னால் வைத்திருக்கிறார். ஊரில் எந்த ஆம்பளையாவது பெண்டாட்டி இனிஷியலைப் போட்டுப் பார்த்திருக்கிறோமா? சிரிப்பு வந்துவிட்டது. ஏற்றத்தில் சிரிக்கக் கூடாது, மூச்சு போய்விடும் என்பார்கள். பொய். அழுகையும் கூடவே வந்தது, இரண்டுமாக அவரைத் தாண்டிப் போனேன். நிற்கவில்லை. நின்றிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன், மிச்சம் ஏறியிருக்க மாட்டேன்.

"தண்ணி வேணுமா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"வேண்டாம்! மேல வாங்க!" என்று கத்தினேன்.

கோத்தகிரியில் மெர்சி ஏற்கனவே இரண்டு டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, சைக்கிளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "அரைக் கிலோ எங்கக்கா எறக்கி வச்சீங்க?" என்றாள். குட்டியானை வந்து நின்றது. இவர் இறங்கி வந்தார். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல விடவில்லை.

"வழி பூரா என்ற பேரச் சொல்லிக் கூப்புடறாங்க வாணி. திரும்பித் திரும்பிப் பாத்து எனக்குக் கழுத்தே வலிச்சுப்போச்சு" என்றார். சைக்கிளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பேருதான் என்றது. ஏறினவ நீயி."

தேவையா என்ற கேள்விக்கு நான் தயாரித்த பதில் இதில் பாதி அழகுகூட இல்லை. அதனால் அதை விட்டுவிட்டேன்.

அவர் சைக்கிளைத் தூக்கிக் குட்டியானையில் வைத்தார். இந்த முறை அடியில் பழைய மெத்தை விரித்திருந்தது, எப்போது போட்டாரோ. கயிறு கட்டிவிட்டு, வழக்கம் போலப் பார் கம்பியை முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். ணங். திருப்தியாகத் தலையாட்டினார்.

இறங்கும்போது முன்சீட்டில் உட்கார்ந்து கதவுக்கு வெளியே கைவிட்டு அந்த எழுத்தைத் தடவினேன். விரலில் பெயின்ட் ஒட்டியது, இன்னும் சரியாகக் காயவில்லை. எனக்கு இவரைச் சீண்டாமல் இருக்க முடியாது.

"என்ற வண்டில உங்க பேரு காலத்துக்கும் அழியாது. உங்க வண்டில என்ற எழுத்து வெறும் பெயின்ட்தான். அடுத்த வருசம் போயிருமே?"

வளைவு ஒன்று வந்தது. ஹாரன் அடித்து, மெதுவாகத் திருப்பி, நேராக்கிக்கொண்டு சொன்னார்.

"அதுக்கென்ன. ஒவ்வொரு எஃப்.சி.க்கும் மறுக்கா எழுதிக்கறது."